நேரம் சொல்லாமல் நிற்கும் கணிப்பொறி

முழு உருவில் விற்கும் கணிப்பொறியை வாங்காமல், பிராசஸர் ஒரு நிறுவனத்தாருடையது, மதர்போர்டு இன்னொருவருடையது, ரேம் மூன்றாமவருடையது, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். நான்காமவருடையது என்று பாகம் பாகமாகத் தேர்ந்து, சென்னை ரிட்சி தெருவிலோ தத்தம் ஊர்க் கடைகளிலோ விலை விசாரித்து வாங்கி, தாமே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. அவ்வாறு பூட்டிய பொறி சுவிட்சைத் தட்டியதும் உயிர்பெறவே இல்லையென்றால் அது அவ்வளவு பெரிய சங்கடமன்று. கெட்டது கெட்டதாகவே நிற்பதால், பாகங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக் குற்றம் எங்கே என்று ஒரு பிற்பகலுக்குள் கண்டுகொள்ளலாம். மூன்று நாள் குறைவின்றி உழைத்துவிட்டு, நான்காம் நாள் ஒரு மாணவன் தன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் வேளையில் திரை உறைந்து, மவுஸ் அசையாமல், ஒலிபெருக்கி ஒரே ஓசையை இழுத்துக்கொண்டு நிற்க, மீண்டும் தொடங்கினால் ஒன்றுமே நடவாதது போல ஒரு வாரம் ஓடுகின்ற பொறியே மனிதனின் பொறுமையை உண்மையில் சோதிக்கிறது. முறைக்காய்ச்சல்காரன் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் உட்காரும் வேளையில் உடம்பு குளிர்ந்திருப்பதைப் போல, ரிப்பேர்க் கடை மேசையில் அது ஒரு குறையும் காட்டுவதில்லை.

இத்தகைய நிறுத்தங்களைப் பற்றி இதுவரை அறியப்பட்டிருப்பவற்றை ஒருசேர வைத்துப் பார்த்து, எது நம்பத்தக்கது, எது வெறும் கேள்விப்பேச்சு என்று பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்விஷயத்தில் பணமும் காலமும் விரயமாவதில் பெரும்பகுதி, காரணம் இன்னதென்று காலத்துக்கு முந்தித் தீர்ப்பளிப்பதனால் நேர்கிறது. பொறி ஒரு வாரம் நிற்காமல் ஓடியதைக் கண்டு குணமாகிவிட்டதென்று முடிவுகட்டுவோரும், ஒரே ஒரு நீலத்திரையைக் கண்டு ரேமைத் தூக்கியெறிவோரும் செய்வது ஒரே தவறுதான்.

இக்கேள்வி புதியதன்று. 1985-இல் டான்டெம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, கணிப்பொறிகள் ஏன் நிற்கின்றன என்பதையே தலைப்பாகக் கொண்டு எழுதிய அறிக்கையில், நிரல்களின் பிழைகளை இருவகையாகப் பிரித்தார். ஒரே நிலைமையில் எப்போதும் தவறாமல் தோன்றுபவற்றுக்குப் பௌதிக விஞ்ஞானி போரின் பெயரையும், உற்று நோக்கினால் மறைந்துபோய், மறுபடி தொடங்கியதும் காணாமற் போகின்றவற்றுக்கு ஹைசன்பர்கின் பெயரையும் சார்த்தி வழங்கினார். நாம் ஆராயும் நிறுத்தங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவையாகவே முதற்பார்வைக்குத் தோன்றும். நிரலுக்கு அப்பால் வன்பொருளுக்கு வந்தால், இன்டெல் நிறுவனத்தைச் சார்ந்த திமொத்தி மே, மர்ரே வுட்ஸ் என்னும் இருவர், நினைவகச் சில்லுகளை மூடியிருக்கும் உறைப்பொருளில் அணுவளவாகக் கலந்திருந்த கதிரியக்கப் பொருள்கள் உமிழும் ஆல்பாத் துகள்களே பிட்டுகளைப் புரட்டுகின்றன என்று 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களும் அதைச் செய்யவல்லன என்று அதே ஆண்டில் சீக்லரும் லான்ஃபர்டும் எழுதினார்கள். அன்றுமுதல், காரணம் புரியாத நிறுத்தம் எதுவானாலும் காஸ்மிக் கதிரின் தலையில் பழிபோடுவது ஒரு சௌகரியமாகிவிட்டது.

அந்தச் சௌகரியத்தைக் குலைத்தவை இரண்டு பெரிய ஆய்வுகள். கூகுளின் சர்வர்களை வைத்துப் பியாங்கா ஷ்ரோடரும் உடனிருந்தோரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டுக்குள் நூற்றுக்கு 8-க்கு மேற்பட்ட ரேம் தகடுகள் பிழை காட்டின என்பதும், அப்பிழைகளில் பெரும்பான்மை எங்கிருந்தோ வந்து விழுந்த கதிரால் நேர்ந்தவை அல்ல, தகட்டிலேயே ஊன்றிய பழுதால் நேர்ந்தவை என்பதும் வெளிப்பட்டன. மைக்ரோசாஃப்டைச் சார்ந்த நைட்டிங்கேல், டௌசர், ஒர்கோவன் என்போர் சுமார் 10 லட்சம் வீட்டுக் கணிப்பொறிகளின் நிறுத்த அறிக்கைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டது நமக்கு இன்னும் அணுக்கமானது. 8 மாத காலத்தில் 30 நாள் அளவாவது பிராசஸர் உழைத்த பொறிகளை எடுத்துக்கொண்டால், 190-க்கு ஒன்று பிராசஸர் சார்ந்த பழுதால் நின்றிருக்கிறது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் உண்டு: வன்பொருள் பழுதால் ஒரு முறை நின்ற பொறி, மறுமுறையும் நிற்பதற்கான வாய்ப்பு, ஒருமுறையும் நில்லாத பொறி நிற்பதைவிட நூறு மடங்கு வரைக்கும் உயர்ந்திருந்தது. நிறுவனப் பெயரோடு விற்கப்பட்டவற்றைக் காட்டிலும், பாகம் பாகமாகக் கூட்டியவை நம்பகத்தில் பின்தங்கியே இருந்தன. ஆகவே உங்கள் பொறி இரண்டாம் முறையும் நின்றதென்றால், அதைத் தற்செயல் என்று ஒதுக்குவதற்கு நியாயம் அற்றுப்போகிறது. உள்ளே நிரந்தரமான ஒரு காரணம் குடியிருக்கிறது.

கூட்டிய பொறிகள் ஏன் பின்தங்குகின்றன? பாகங்கள் மட்டம் என்று சிலர் சொல்வதை நான் முழுதும் ஏற்கவில்லை; நிறுவனங்கள் தம் பெட்டிகளில் போடுவதைவிட உயர்ந்த பாகங்களை வாங்குவோரே தாமே கூட்டுவோரில் அநேகர். ஒவ்வொரு பாகமும் சரியாக இயங்குவதற்கும் தவறுவதற்கும் இடையே, வெப்பம், மின்னழுத்தம், வேகம் ஆகிய மூன்றையும் பொறுத்த ஓர் உபரி இடம் உண்டு. நிறுவனப் பொறியில் அவ்வுபரியை ஒரு பொறியியலாளர் குழு கணக்கிட்டு, ஒரே கூட்டமைப்பை ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பார்த்திருக்கும். நாம் கூட்டியதில், ரேம் செய்தவர் தம் தகட்டுக்கு மட்டும் உத்தரவாதம், போர்டு செய்தவர் தம் போர்டுக்கு மட்டும் உத்தரவாதம். பாகங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் சேரும்போது மிஞ்சும் உபரி எவ்வளவு என்பதை உலகத்தில் ஒருவரும் அளந்திருக்க மாட்டார். நம் மேசைமேல் இருக்கும் அக்கூட்டமைப்புக்கு நாமே முதற் பரிசோதகர்.

இதற்குச் சிறந்த உதாரணம் ரேமின் வேகம். 6000 என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டு விற்கப்படும் டி.டி.ஆர்.5 தகடு, பொதுத்தர நிர்ணயப்படி 4800 போன்ற தாழ்ந்த வேகத்தில்தான் முதலில் எழுகிறது. பயாஸுக்குள் சென்று, 2007-இல் இன்டெல் கொணர்ந்த எக்ஸ்.எம்.பி. என்பதையோ, 2022-இல் ஏ.எம்.டி. கொணர்ந்த எக்ஸ்போ என்பதையோ இயக்கினால்தான் அட்டையில் கண்ட வேகம் கிட்டும். அது தகட்டின் சாதாரண வேகம் என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது மிகைவேகமே. பிராசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி அதைத் தாங்குமா என்பதற்குப் பிராசஸர் செய்தவர் வாக்களிக்கவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. அறிவித்திருக்கும் வேகம் இரண்டு தகடுகளுக்கு 5200. நான்கு தகடுகளைச் செருகினால் அதுவே 3600-ஆக இறங்குகிறது. நான்கு தகடுகளை 6000-இல் ஓட்டிவிட்டு வாரம் ஒரு முறை நிற்கிறதே என்று வருந்துபவரின் பொறியில் கெட்டுப்போன பாகம் என்று ஒன்று இல்லாமலே இருக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் நெடுங்காலப் பொறியாளர் ரேமண்ட் சென் 2005-இல் எழுதிய ஒரு குறிப்பு இவ்விடத்தில் நினைக்கத் தகும். விண்டோஸ் நின்றதாக வந்த அறிக்கைகள் சிலவற்றில், பிராசஸருக்குள்ளேயே ஒரு பதிவகத்தைப் பூஜ்யமாக்குகின்ற மிக எளிய கட்டளையில் பொறி விழுந்திருந்தது. நினைவகத்தைத் தொடவே தொடாத அக்கட்டளை தவறுவதற்கு இடமே கிடையாது. விசாரித்தபோது அப்பொறிகள் மிகைவேகம் ஊட்டப்பட்டவை என்று தெரிந்ததோடு, உரியவர்களுள் சிலருக்கு அது தெரியாது என்பதும், விற்ற கடைக்காரரே சொல்லாமல் செய்திருந்தார் என்பதும் தெரியவந்தன.

இனி, நிறுத்தத்தின் லட்சணங்களைப் பார்ப்போம். பொறி எவ்வாறு நின்றது என்பதே முதற் சாட்சி. ஆயினும் அநேகர் அதைக் குறித்துவைப்பதில்லை. நீலத்திரை தோன்றி நின்றதென்றால், விண்டோஸ் தன் கடைசி மூச்சில் வாக்குமூலம் கொடுக்கும் அளவுக்காவது உயிரோடிருந்தது என்று பொருள். அவ்வாக்குமூலம் மினிடம்ப் என்ற கோப்புறையில் கிடக்கும். திரை உறைந்து எந்த விசைக்கும் அசையாமல் நின்றால், பிராசஸரோ, ரேமோ, அவற்றை இணைக்கும் வழியோ அடியோடு ஸ்தம்பித்திருக்கலாம். விளக்கை ஊதியணைத்தாற்போல் ஒரு கணத்தில் முழுப் பொறியும் இருண்டதென்றால், சந்தேகம் மின்சாரத்தின் பக்கம் சாயவேண்டும். நிகழ்ச்சிப் பதிவேட்டில் கெர்னல்-பவர் என்ற தலைப்பில் 41 என்ற எண்ணைக் கண்டு, எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று ஓடி மாற்றுவோர் ஏராளம். அந்த 41, முறையாக அணையாமல் பொறி மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை; குற்றத்தை நேரில் கண்ட சாட்சியாக அதை யாரும் கொள்ளலாகாது. ஆனால் வீ-லாகர் என்ற பெயரில் வரும் குறிப்புகள் வேறு ஜாதி: அவை பிராசஸர் முதலிய பாகங்களே பிழை கண்டு தெரிவித்தவை. மதிப்புக் கொடுத்து வாசிக்கவேண்டிய ஏடு அதுவே.

நீலத்திரைகள் பல சேர்ந்துவிட்டால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது தனித்தனியே படிப்பதைவிடப் பயன் தரும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரையோ அது ஆளும் பாகத்தையோ பிடிக்கலாம். ஒரு நாள் நினைவக நிர்வாகம், மறுநாள் கோப்பு முறை, அதற்கும் மறுநாள் ஒலி டிரைவர் என்று, முறைக்கு ஒரு குற்றச்சாட்டாக வந்தால், குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் நிரபராதிகளாகவும், அவர்கள் எல்லாரும் கால் வைத்து நிற்கும் ரேமே ஆட்டம் காண்பதாகவும் இருக்கக்கூடும்.

மின்சாரத்தின் பக்கம் சற்று நின்று பேசவேண்டும். ஏனெனில் கடையில் மிச்சம் பிடிக்கப்படும் இடமும், விசாரணையில் அளக்கக் கடினமான இடமும் அதுவே. 12 வோல்ட் வழி நூற்றுக்கு 5 பங்கு ஏறலாம், இறங்கலாம், அதாவது 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்கவேண்டும். மல்டிமீட்டரை வைத்து 12.1 என்று கண்டதும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு நற்சான்று வழங்கிவிடுகிறார்கள். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. இக்காலத்து உயர்தர கிராபிக்ஸ் கார்டோ, மைக்ரோ விநாடிக் கணக்கில், தன் சாதாரண அளவைப்போல் இரு மடங்கு மின்சாரத்தை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு அடங்குகிறது. அந்தக் கணத்தில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காப்புச் சுற்று பயந்து துண்டித்துவிட்டால், மீட்டர் அறியாமலே பொறி இருண்டுவிடும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம், 100 மைக்ரோ விநாடிக்கு இரு மடங்கு பளுவைத் தாங்கவேண்டும் என்று விதித்தது இதனாலேயே.

பளு ஏறும்போது நிற்பது எளிதில் விளங்கும். ஒருவரும் தொடாமல் சும்மா இருக்கும்போது நிற்பதுதான் பலரை மாந்திரீகம் என்று எண்ணுமளவுக்குக் கலங்கவைக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. 2013-இல் வந்த இன்டெலின் ஹாஸ்வெல் பிராசஸர்கள், ஆழ்ந்த துயிலில் 12 வோல்ட் வழியில் 0.05 ஆம்பியர் அளவே இழுக்கும் நிலைக்கு இறங்கின. குறைந்தபட்சப் பளு இல்லாவிட்டால் நிலைதடுமாறும் பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் அதைக் கண்டு சரிந்தன. 2017-இல் முதல் ரைசன் பிராசஸர்கள் வந்தபோதும் லினக்ஸ் பயனர்கள் சும்மா இருக்கையில் உறையும் பொறிகளைப் பற்றி முறையிட்டார்கள். சும்மா இருக்கும்போதும் சற்றே கூடுதல் மின்சாரம் ஓடவிடுகின்ற ஒரு தேர்வைப் போர்டு செய்வோர் பயாஸில் சேர்த்த பின் பலருக்கு அது தீர்ந்தது. நம் வீடுகளுக்கு உரிய சில விஷயங்களும் உண்டு. சைன் அலையாக அல்லாமல் படிப்படியாக மின்சாரம் தரும் மலிவு யு.பி.எஸ்., புதிய வகை எஸ்.எம்.பி.எஸ்.களோடு ஒத்துப்போகாமல், மின்வெட்டு நேரும் அந்தக் கணத்திலேயே பொறியை விட்டுவிடலாம். எர்த் இல்லாத சாக்கெட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்கிறதே, அதை அலட்சியம் செய்வது பொறிக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது. ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே வைக்கிறேன்: எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பரீட்சிக்கும்போது பழையதன் கழற்றும் கேபிள்களைப் புதியதில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, ஒரு விநாடியில் வட்டுகள் கருகிவிடும்.

ரேமைப் பரிசோதிக்க 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதத் தொடங்கிய மெம்டெஸ்ட்86-உம், அதன் வழிவந்த நிரல்களும் இன்றும் முதற் கருவிகள். அவை ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது தீர்மானமான சாட்சி. நினைவகத்தின் வழியில், அதாவது தகட்டிலோ, செருகுமிடத்திலோ, பிராசஸரின் கட்டுப்பாட்டுப் பகுதியிலோ, நாம் இட்ட வேகத்திலோ குறை உண்டு. இரவு முழுதும் ஓடிப் பிழையே காட்டவில்லை என்பதோ அத்தனை வலுவான சாட்சியன்று. எக்ஸ்.எம்.பி.யோடு ஒரு தடவை, அது இல்லாமல் ஒரு தடவை என்று இருமுறை ஓட்டினால், பழுது எது, மிகைவேகம் எது என்று பிரிந்துவிடும். டி.டி.ஆர்.5 சில்லுகளுக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சில்லுக்கு உள்ளே நேர்வதைத் திருத்துமே அன்றி, சில்லுக்கும் பிராசஸருக்கும் இடைப்பட்ட வழியில் நேர்வதை அறியாது.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சித்திரை வெயிலில் பொறி நின்றதும் தெர்மல் பேஸ்ட்டைப் பூசச் சொல்வது நம் ஊர் வழக்கம். தூசியைத் தட்டுவதால் தீங்கில்லை. ஆனால் இக்காலப் பிராசஸர்கள் சூடேறினால் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன, ரைசன் 7000 வரிசை 95 டிகிரியில் ஓடும்படியே வகுக்கப்பட்டது. ஆகவே வெப்பம் முதற் சந்தேகத்துக்குரிய இடத்தை இழந்துவிட்டது என்பதே என் கருத்து. அதற்கு முன்னே பார்க்கவேண்டிய எளிய காரணங்கள் உண்டு. கேபினெட்டின் ரீசெட் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டு பொறியை மீளத் தொடங்குவதும், போர்டின் அடியில் வேண்டாத இடத்தில் திருகிய பித்தளைத் தாங்கி உரசுவதும், நினைப்பதைவிட அதிகம். அந்தச் சுவிட்சின் இரண்டு கம்பிகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கக் காசு செலவில்லை.

நிறுத்தத்தின் கால ஒழுங்கே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த கதையும் உண்டு. குரூஷியல் எம்4 என்னும் எஸ்.எஸ்.டி., மொத்தம் 5184 மணி நேரம் ஓடியதும் பதிலளிப்பதை நிறுத்தியது; அணைத்துப் போட்டால் எழுந்து, சரியாக ஒரு மணி கழித்து மறுபடி நின்றது. தன் வயதை எண்ணும் கணக்கில் இருந்த ஃபர்ம்வேர்ப் பிழை அது. 2012-இன் தொடக்கத்தில் திருத்தம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தவர்களுக்கே அது புலப்பட்டிருக்கும்.

பிராசஸரைச் சந்தேகிப்பது கடைசியில்தான் என்பது நெடுநாள் மரபு. 2016-இல், பெரும் பகா எண்களைத் தேடும் ப்ரைம்95 நிரல், இன்டெலின் ஸ்கைலேக் பிராசஸர்களை உறையவைக்கிறது என்று வெளிப்பட, இன்டெல் அதை ஒப்புக்கொண்டு பயாஸ் வழியே திருத்தியது. அதைவிட அம்மரபை உலுக்கியது 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களின் விவகாரம். விளையாட்டுகள் காட்சி நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு சரிந்தன. செய்தியை நம்பியவர்கள் கிராபிக்ஸ் கார்டைப் பழித்தார்கள், சிலர் மாற்றியும் பார்த்தார்கள். குற்றம் பிராசஸரில் இருந்தது. அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் நாளடைவில் பிராசஸரின் உட்சுற்றைத் தேய்த்துவிடுகிறது என்று 2024-இல் இன்டெல் அறிவித்து, மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்ததை அத்திருத்தம் மீட்காது. ஆகவே அவ்வகைப் பொறி வைத்திருப்போர் பயாஸைப் புதுப்பித்த பின்னும் நின்றால், மாற்றுப் பிராசஸர் கேட்பதே வழி.

விண்டோஸை அழித்து மறுபடி நிறுவும் சடங்கை முதலிலேயே செய்யவேண்டாம். பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி அதில் சில நாள் உழைத்துப் பாருங்கள்; அங்கும் பொறி நின்றால் விண்டோஸ் விடுதலையாகிறது. ஒரு நாள் வேலையும் ஆயிரம் கோப்புகளின் ஒழுங்கும் மிஞ்சுகின்றன.

இனி முறை. முதலில் எல்லா மிகைவேகங்களையும் நீக்கி, பயாஸைப் புதுப்பித்து, பொதுத்தர வேகத்துக்கு இறக்குக. நிற்பது ஓய்ந்தால், ஒவ்வொன்றாக ஏற்றுக. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதற்கு ஒரு தேதி, நோட்டில் ஒரு வரி. இதுவரை எல்லாரும் சொல்வதே. பலரும் சொல்லாதது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எவ்வளவு நாள் காத்திருக்கவேண்டும் என்பது. சராசரியாக 4 நாளுக்கு ஒரு முறை, ஒழுங்கின்றி நிற்கும் பொறியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்றையுமே மாற்றாவிட்டாலும், அடுத்த 4 நாள் அது நிற்காமல் ஓடுவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாய்ப்பு உண்டு. 8 நாள் ஓடுவதற்கு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. 12 நாள் ஓடும்போதுதான் அவ்வாய்ப்பு இருபதில் ஒன்றாகக் குறைகிறது. அதாவது, நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட சராசரிக் காலத்தின் மும்மடங்கு கடந்த பிறகே, குணமாயிற்று என்று ஓரளவு நம்பிப் பேசலாம். 4 நாளுக்கு ஒரு முறை நின்ற பொறியை 5 நாள் ஓட்டிவிட்டுப் புது ரேம் வாங்கியது வீண்போகவில்லை என்று மகிழ்பவர், ஆறாம் நாள் அடையும் ஏமாற்றத்துக்கு ரேம் பொறுப்பல்ல. இத்தனை நாள் காத்திருக்க மனமில்லையென்றால், பளுவை ஏற்றி, நிறுத்தம் அடிக்கடி நேருமாறு செய்துகொள்ள வேண்டும். மணிக்கு ஒரு முறை நிற்கும் பொறியை ஒரே நாளில் தீர்த்துவிடலாம்.

பாகத்தை மாற்றிக் குணம் கண்டவர் இன்னும் ஒரு காரியம் செய்யவேண்டும்: பழையதை மறுபடி பொருத்திப் பார்க்கவேண்டும். ரேமைக் கழற்றிச் செருகும்போது அதன் தொடுமுனைகள் உரசிச் சுத்தமாகின்றன. கிராபிக்ஸ் கார்டை எடுக்கும்போது பக்கத்துக் கேபிள் இறுகுகிறது. பழைய பாகத்தோடு பொறி மறுபடி நின்றால்தான் குற்றம் அதனுடையது என்று நிலைபெறும். இந்தச் சான்று கையில் இருந்தால், உத்தரவாதத்துக்காகப் போய் நிற்கும் கவுண்டரில், எங்கள் மேசையில் சரியாகவே ஓடுகிறதே என்று திருப்பியனுப்புவதும் கடினமாகிவிடும். தேதிகளையும், பிழைக்குறிப்புகளின் அச்சுப்படியையும் கவுண்டர்க்காரர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

விசாரணை நடக்கும் நாட்களில் கோப்புகளைப் பற்றிய கவலை ஒன்று உண்டு; அதை விட்டுவிடுவோர் பலர். பிட்டு புரளும் ரேம் பொறியை நிறுத்தும் தடவைகளையே நாம் காண்கிறோம்; நிறுத்தாமலே ஒரு புகைப்படத்தையோ, கணக்கேட்டையோ, ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையோ பழுதாக்கி வட்டில் எழுதிவிடும் தடவைகளை நாம் காண்பதே இல்லை. ஆகையால் முதல் நிறுத்தம் நேர்ந்த நாளிலிருந்து, பழைய காப்புப் பிரதியின்மேல் புதியதை எழுதாமல், தனி வட்டில் வைக்கவேண்டும். பொறி குணமாகிவிட்டது என்று மேற்சொன்ன கணக்கின்படி உறுதிப்பட்ட பின்பு, இடைக்காலத்தில் எழுதப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்து, ஐயத்துக்குரியவற்றைப் பழைய பிரதியிலிருந்தே மீட்கவேண்டும்.